பாட்டு யாருது, மாஸ்டர் யாருது? சென்னையில ஒரு பேண்ட் தன் பாட்டைத் தானே ரெக்கார்ட் பண்ணி வெளியிடற விதம்

புதுசா ஒரு பேண்ட் சொந்தப் பாட்டு போடலாம்னு முடிவு பண்ணின உடனே கேக்கற முதல் கேள்வி, ஒரு பாட்டுக்கு எவ்ளோ செலவாகும்ங்கறதுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அதுக்கு முன்னாடி இன்னொன்னு இருக்கு, ரெக்கார்ட் பண்ணி முடிச்சப்புறம் அது யாருக்குச் சொந்தம்னு. நம்ம ஊர்ல இது யாருக்கும் சட்டுனு தோணாது, ஏன்னா நாம வளர்ந்ததே சினிமா பாட்டு கேட்டுத்தான். சினிமால தயாரிப்பாளர் காசு போடறார், இசையமைப்பாளர் மெட்டு போடறார், கவிஞர் எழுதறார், வாசிக்கறவங்க கால்ஷீட்டுக்கு வந்து வாசிச்சிட்டு பேமென்ட் வாங்கிட்டு கிளம்பிடறாங்க, கடைசில ஆடியோ ரைட்ஸ் ஒரு கம்பெனிக்குப் போயிடுது. அந்த ரூம்ல உக்காந்து பாட்டை உருவாக்கினவங்கள்ல பெரும்பாலும் யாருக்குமே அந்த ரெக்கார்டிங் சொந்தமில்ல. சினிமாவையும் கம்பெனியையும் நம்பாம தனியா இயங்கற இண்டி பேண்ட்ல காசு போடறதும் நாலஞ்சு பேர், எழுதறதும் வாசிக்கறதும் அதே நாலஞ்சு பேர், போஸ்டர் டிசைன் பண்றதுகூட அவங்கள்ல ஒருத்தர்தான், அப்போ சொந்தமும் அவங்களுக்குத்தான் வரணும். வரணும், ஆனா தானா வந்துடாது. எந்த மைக், எந்த ஸ்டூடியோ, பாட்டை ஆப்புங்கள்ல ஏத்தித் தர்ற எந்த டிஸ்ட்ரிபியூட்டர்னு பேசிக்கிட்டே போற நேரத்துல இந்த ஒரு விஷயத்தைப் பேசாம விட்டுடறாங்க, பாட்டு ஓட ஆரம்பிச்சப்புறம் பேண்டே உடையுது.

ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு. மெட்டும் வரியும் ஒரு பக்கம், அதைப் பாடி வாசிச்சு ஃபைலா ஆக்கின ரெக்கார்டிங் இன்னொரு பக்கம், இந்த ரெண்டாவதைத்தான் மாஸ்டர்னு சொல்றோம். 1957ஆம் வருஷத்து காப்பிரைட் சட்டப்படி மெட்டு போட்டவருக்கும் வரி எழுதினவருக்கும் ஆயுசு முழுக்க உரிமை, அவங்க போனப்புறம் இன்னும் 60 வருஷம் வாரிசுங்களுக்கு. ரெக்கார்டிங்குக்கு வெளியான அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம். மாஸ்டருக்கு ஓனர் யாருன்னு கேட்டா சட்டம் அதோட தயாரிப்பாளரைக் காட்டுது, யாரு தயாரிப்பாளர்னா அந்த ரெக்கார்டிங் நடக்கறதுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கிட்டவர். மணிக்கணக்குல வாடகை வாங்கின ஸ்டூடியோ வழக்கமா இதுல வராது. ஆனா ஒரு பேண்ட்ல யாரு அந்த ஆள்? அஞ்சு பேருமா, எல்லாருக்கும் போன் பண்ணி தேதி வாங்கின டிரம்மரா, தன் கார்டைத் தேய்ச்ச கிட்டாரிஸ்டா, இல்ல "நான் போடறேன் மச்சி, அப்புறம் பாத்துக்கலாம்"னு காசு கொடுத்த ஃப்ரெண்டா? அந்த "அப்புறம் பாத்துக்கலாம்"தான் பிரச்சனையே. மாஸ்டர் பேண்ட்ல இருக்கற எல்லாருக்கும் சம பங்குன்னு முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுட்டா இந்தக் கேள்வி அங்கயே முடிஞ்சிடுது. வெளிலேர்ந்து ஒரு நாதஸ்வரமோ வயலினோ வந்து வாசிச்சா அவங்ககிட்டயும் இந்த ரெக்கார்டிங்கை வெளியிட சம்மதம்னு ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கணும், பேமென்ட்டைக் கையில கொடுக்கறப்பவே.

இப்படி தானே செஞ்சு தானே வெளியிடறதுக்கு நல்ல பழைய உதாரணம் ஒண்ணு உண்டு. இங்கிலாந்துல மான்செஸ்டர்ல பஸ்காக்ஸ்னு ஒரு பங்க் பேண்ட், கிட்டத்தட்ட 500 பவுண்ட் கடன் வாங்கி 1976 டிசம்பர் 28ஆம் தேதி ஸ்டூடியோவுக்குள்ள போய் நாலு பாட்டை அன்னிக்கே வாசிச்சு முடிச்சாங்க. ஜனவரி கடைசில நியூ ஹார்மோன்ஸ்னு தாங்களே ஒரு லேபிள் பேர் வெச்சு ஸ்பைரல் ஸ்கிராட்ச்னு 1000 ரெக்கார்ட் அடிச்சு வெளியிட்டாங்க, அது வித்துத் தீர்ந்து மறுபடி மறுபடி அடிக்க வேண்டியதாப் போச்சு. அந்த அட்டைல எந்தப் பாட்டு எத்தனாவது டேக், அதாவது எத்தனாவது தடவை வாசிச்சு எடுத்தது, அது மேல தனியா வாசிச்சுச் சேத்த ஓவர்டப் எவ்ளோன்னு போட்டிருந்தாங்க. அதைப் பாத்த எத்தனையோ பசங்களுக்கு, ஒரு ரெக்கார்டுங்கறது மூணாவது டேக்ல முடியற வேலைதான், நம்மளாலயும் முடியும்னு புரிஞ்சுது. லண்டன் கம்பெனிங்க கதவைத் தட்டாம சொந்த ஊர்ல இருந்தபடியே ரெக்கார்ட் போடற வழக்கம் அங்க பரவினதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு.

சரி, ரெக்கார்டிங்குக்கு வருவோம். ஸ்டூடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சிருக்கணும். பேண்ட் சேந்து பழகற ஜாம் ரூம்ல வாசிக்கறதை போன்லயே ரெக்கார்ட் பண்ணி மறுநாள் காலையில கேளுங்க, அங்க ஆம்ப் சத்தத்துல அட்டகாசமா தெரிஞ்ச ஸ்பீடு ஹெட்போன்ல கேட்டா மூச்சு வாங்கும், பல்லவி ரெண்டு தடவை வரவேண்டிய எடத்துல மூணு தடவை வந்திருக்கும். சுருதி, டெம்போ, எங்க நிக்கணும், எங்க திரும்பணும், வரி ஃபைனலா இல்லியா, எல்லாம் இங்கயே முடிவாகணும். ஸ்டூடியோல மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கறப்போ உக்காந்து சரணத்துக்கு வரி மாத்தற பேண்டைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். அப்புறம் ஒரு பைலட் டிராக், அதாவது வேகம் மாறாம டிக் டிக்னு தட்டற கிளிக்கை காதுல வெச்சுக்கிட்டு ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும் பாட்டு முழுக்க வாசிச்சு வெக்கறது, மத்தவங்க எல்லாரும் அது மேலதான் வாசிப்பாங்க.

இந்த கிளிக்ல எனக்கு ஒரு கருத்து இருக்கு. ராக் பேண்டுக்கும் எலக்ட்ரானிக் சமாச்சாரம் கலக்கற பேண்டுக்கும் கிளிக் அவசியம்தான், பின்னாடி வெட்டி ஒட்டறதுக்கு அதுதான் பிடிமானம். ஆனா கானா, பறை, சட்டி, கட்ட மோளம்னு உடம்புலேர்ந்து வர்ற தாளம் இருக்கற பாட்டுல கிளிக்கை கட்டாயப்படுத்தினா உசுர் போயிடுது, ஏன்னா அந்த வாசிப்பு சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்பறப்போ கொஞ்சம் முன்னாடி தள்ளும், அந்தத் தள்ளல்லதான் கேக்கறவன் எழுந்து ஆடறான். அந்த மாதிரி பாட்டுக்கு வாசிக்கறவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கற மாதிரி ஒரே ரூம்ல நிக்க வெச்சு எடுத்துட்டு, பின்னாடி சாஃப்ட்வேர்ல அந்த டேக்குக்கு ஏத்த மாதிரி எங்க எவ்ளோ வேகம்னு குறிக்கற டெம்போ மேப் போட்டுக்கறது நல்லது. பாட்டு கிளிக்குக்குப் பின்னாடி ஓடறதுக்கு பதிலா கிளிக் பாட்டுக்குப் பின்னாடி வரட்டும்.

காசு இருக்கறது கொஞ்சம்தான்னா அதை டிரம்ஸ்ல போடுங்க, இதை அழுத்திச் சொல்வேன். பேஸ், கிட்டார், கீபோர்ட் எல்லாம் வீட்லயே நல்லா எடுத்துடலாம், டிரம்ஸ் அப்படி இல்ல. கிக்குக்கு ஒரு மைக், ஸ்நேருக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ஹைஹாட், டாம்ஸ் ஒவ்வொண்ணுக்கும், மேல ஓவர்ஹெட் ரெண்டு, முடிஞ்சா ரூம் சத்தத்துக்கு தள்ளி ஒண்ணு, எட்டு சேனலுக்கு மேல போயிடும். அத்தனை இன்புட், அத்தனை மைக், எல்லாத்துக்கும் மேல நல்ல ரூம், இது அபார்ட்மென்ட்ல கிடைக்காது. அதனால வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா வேலை பண்ற ஸ்டூடியோல டிரம்ஸ்க்கு மட்டும் நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே நாள்ல நாலஞ்சு பாட்டுக்கு அடிச்சு முடிச்சிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம். புது ஸ்கின் போட்டு ஒருநாள் முன்னாடியே டியூன் பண்ணி வெச்சிடணும். ஸ்நேர்ல கீழ இருக்கற மைக்கோட போலாரிட்டியை, அதாவது சிக்னலோட ப்ளஸ் மைனஸை, திருப்பிப் போட்டு ஒருதடவை கேட்டுப் பாக்கணும், மேல் மைக் ஸ்கின் உள்ள போறதைக் கேக்குது, கீழ் மைக் தன் பக்கம் வர்றதைக் கேக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டா ஸ்நேர் மெலிஞ்சு போய் தகரம் மாதிரி கேக்கும், பல பேர் அதை மிக்ஸ்ல ஈக்யூ போட்டு சரிபண்ணப் பாத்து நாளைக் கடத்தறாங்க.

பறை எடுக்கறது தனிக் கலை, இதைப் பத்தி அதிகம் யாரும் எழுதினதில்லங்கறதால கொஞ்சம் நின்னு சொல்றேன். தோல் பறையை நெருப்புல காய்ச்சித்தான் சுருதி ஏத்தறாங்க. ஏசி ரூமுக்குள்ள கொண்டு வந்தா கொஞ்ச நேரத்துலயே தோல் தளர்ந்து சத்தம் இறங்கிடும், முதல் டேக்குக்கும் அஞ்சாவது டேக்குக்கும் சுருதி ஒட்டாது. அதனால ஏசியை அணைச்சிடணும், டேக்குக்கு டேக் வெளிய போய் காய்ச்சிட்டு வர எடமும் நேரமும் கொடுக்கணும், ஸ்டூடியோக்காரர்கிட்ட இதை முன்னாடியே சொல்லி வெக்கணும். இப்போ ஃபைபர் பறை வந்தாச்சு, சுருதி நிக்கும், காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்ல, ஆனா அந்த அடித்தொண்டை கனம் தோல்லதான் வருதுன்னு வாசிக்கறவங்க சொல்வாங்க, என் காதுக்கும் அப்படித்தான். மைக்கை ஒட்டி வெக்காதீங்க, பறையோட சத்தம் மைக்கையே திணறடிச்சிடும், சில அடி தள்ளி வெச்சாத்தான் அடிக்குச்சியோட கனமும் சிம்புக்குச்சியோட சுளீரும் ஒண்ணா சேந்து பறையாக் கேக்கும். டிரம்ஸ் எடுத்த பழக்கத்துல ரெண்டு மைக்கை தோலுக்கு முன்னாடி ஒட்டி வெச்சு எடுத்துட்டு, மிக்ஸ்ல போய் ஏன் டப்பா தட்டற மாதிரி இருக்குன்னு கேக்கறவங்க நிறைய.

வீட்டு ரெக்கார்டிங்குக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம். மைக்கை லேப்டாப்போட இணைக்கற, ரெண்டு இன்புட் இருக்கற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை மூடற ஹெட்போன், சுமாரான லேப்டாப். கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸ்லேர்ந்து போற 48 வோல்ட் ஃபேண்டம் பவரை ஆன் பண்ணணும், இல்லன்னா சத்தமே வராது. சாஃப்ட்வேர்னா ரீப்பர் போதும், 60 நாள் சும்மா போட்டுப் பாக்கலாம், சின்ன அளவுல பண்றவங்களுக்கு லைசென்ஸ் 60 டாலர்தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்னு செட் பண்ணிட்டு, லெவல் ரொம்ப மேல முட்டாம மைனஸ் 10 டெசிபல் பக்கம் வெச்சு எடுங்க, 24 பிட்ல கொஞ்சம் கம்மியா எடுத்தா ஒண்ணும் நஷ்டமில்ல, மேல முட்டி உடைஞ்சதைத் திரும்ப ஒட்ட முடியாது. கிட்டாரை டைரக்டா உள்ள விட்டு எடுக்கறவங்க அந்த சுத்தமான சிக்னலையும் தனியா சேவ் பண்ணி வெச்சுக்கிட்டா பின்னாடி டோன் பிடிக்கலன்னா மாத்திக்கலாம்.

நம்ம வீடுகள்ல சிக்கல் வர்றது ஃபேன்லயும் தண்ணி மோட்டர்லயும் தெருவுல போற ஆட்டோ ஹாரன்லயும்தான், அதுக்கப்புறம் எர்த் சரியில்லாத பிளக்லேர்ந்து வர்ற அந்த ம்ம்ம்ங்கற இரைச்சல். மே மாசத்துல ஃபேனை அணைச்சிட்டு ஜன்னலை மூடிட்டு பாடறது சாதாரண வேலை இல்ல, அதனால நிறைய பேர் விடிகாலைலதான் வோகல் எடுக்கறாங்க, குரல் கொஞ்சம் கட்டியிருந்தாலும் தெரு அமைதியா இருக்கும். துணி நெறைஞ்ச பீரோவைத் திறந்து வெச்சு அதுக்கு எதிர்ல மைக்கை வெச்சா எதிரொலி குறையும், சுவத்துல முட்டை அட்டை ஒட்டறதால பெரிய பிரயோஜனம் கிடையாது. வீட்ல எடுத்தா தரம் வராதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லலாம், ஏ.ஆர்.ரஹ்மானோட பஞ்சதன் 1989ல கோடம்பாக்கத்துல அவர் வீட்டோட சேந்து ஆரம்பிச்சதுதான். அவர்கிட்ட இருந்த கருவியும் உழைப்பும் வேற லெவல், அதை ஒத்துக்கறேன், ஆனா ஸ்டூடியோன்னா வீட்டை விட்டு எங்கயோ பெரிய கட்டடம்ங்கற எண்ணம் நம்ம ஊர்லயே அப்பவே உடைஞ்சாச்சு.

வோகல்ல தமிழுக்குன்னு ஒரு கவனம் வேணும். தமிழ் கேக்கறவங்க வரி கேக்கறவங்க, ஒரு வார்த்தை புரியலன்னா அங்கயே ஆர்வம் போயிடும். எழுதினவர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியையும் கேக்கணும், பாடறப்போ எந்த எழுத்து அமுங்குது எது விழுங்கிப் போகுதுன்னு பாத்து அந்த வரியை மட்டும் பன்ச் பண்ணி திரும்ப எடுக்கணும். நிறைய டேக் எடுத்து அதுலேர்ந்து நல்லதைப் பொறுக்கி ஒண்ணா சேக்கறது தப்பே இல்ல, எல்லாரும் பண்றதுதான்.

மிக்ஸிங்கை பேண்ட்ல ஒருத்தரே பண்ணலாம், ஆனா முதல் ரெண்டு மூணு பாட்டுக்காவது வெளி ஆள்கிட்ட கொடுக்கறது நல்லதுன்னு நினைக்கறேன், ஏன்னா கிட்டாரிஸ்ட் மிக்ஸ் பண்ணினா கிட்டார் பெருசாகும், பாடறவர் பண்ணினா ஒண்ணு குரல் வெளிய நிக்கும், இல்ல கூச்சப்பட்டு உள்ள புதைஞ்சிடும். அனுப்பறப்போ எல்லா டிராக்கும் ஒரே எடத்துலேர்ந்து, அதாவது பாட்டு ஆரம்பிக்கற பூஜ்யம் வினாடிலேர்ந்து, பவுன்ஸ் பண்ணி (தனித்தனி ஃபைலா எடுத்து), கிக், ஸ்நேர், மெயின் வோகல்னு பேர் போட்டு அனுப்புங்க. ஆடியோ 1, ஆடியோ 2ன்னு நாப்பது ஃபைல் அனுப்பினா அந்த மனுஷன் மிக்ஸ் பண்றதை விட்டுட்டு எது என்னன்னு தேடிக்கிட்டு இருப்பார். எத்தனை தடவை திருத்தலாம்னு ஆரம்பத்துலயே பேசிக்கணும். வந்ததும் போன் ஸ்பீக்கர்லயும் காருலயும் கேளுங்க, நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் கேக்கப்போறது அங்கதான், பேஸ் கிட்டார் போன்ல சுத்தமா காணாமப் போச்சுன்னா மேல் ஸ்தாயில கொஞ்சம் கடிப்பு ஏத்தச் சொல்லணும்.

மிக்ஸ் முடிஞ்சப்புறம் கடைசியா ஒலியைச் சரிபண்ற மாஸ்டரிங்ல சத்தமா இருக்கணும் சத்தமா இருக்கணும்னு ஒரு வெறி இருக்கு. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்னு (காதுக்குக் கேக்கற சத்தத்தை அளக்கற அலகு) ஒரே அளவுக்குக் கொண்டு வந்துதான் வழக்கமா பிளே பண்ணுது, நீங்க அழுத்தி நசுக்கி சத்தம் ஏத்தினா அது திரும்ப இறக்கிடும், நசுங்கினது மட்டும் மிச்சம். உச்சத்துல மைனஸ் 1 டெசிபல் இடைவெளி விட்டா போதும். இன்ஜினியர்கிட்ட மெயின் மாஸ்டரோட சேத்து குரல் இல்லாத வெர்ஷனையும் டிரம்ஸ், கிட்டார், குரல்னு பிரிச்ச தனித்தனி ஸ்டெம்மையும் அதே நாள்ல கேட்டு வாங்கிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு குறும்படமோ விளம்பரமோ கேக்கும், அப்போ அந்த ப்ராஜெக்டைத் திறந்தா அதுல போட்ட பாதி பிளகின் (எஃபெக்ட் சாஃப்ட்வேர்) இருக்காது.

இப்போ பங்கு. பாட்டு ரெடியாகி எல்லாரும் சந்தோஷமா இருக்கற நாள்லயே ஸ்ப்ளிட் ஷீட் எழுதிடணும், அது ஒரே ஒரு பக்கம்தான், பாட்டோட பேர், மெட்டுக்கு யார் யாருக்கு எத்தனை சதவீதம், வரிக்கு யாருக்கு எத்தனை, மாஸ்டர்ல யாருக்கு எத்தனை, தேதி, கையெழுத்து. பேண்ட்ல இது லேசா முடியாது, ஏன்னா மெட்டு ஒருத்தர் வீட்ல போட்டு வந்ததா, ஜாம்ல எல்லாரும் சேந்து போட்டதா, அந்த பேஸ் லைன் இல்லன்னா பாட்டே இல்லியே அதுக்கு பங்கு உண்டா இல்லியான்னு பேச்சு வரும். எனக்கு நியாயமா படறது, ஜாம் ரூம்ல உருவான பாட்டுன்னா மெட்டுல எல்லாருக்கும் சமம், வரி எழுதினவருக்கு வரியோட பங்கு முழுசா. யாராவது பேண்டை விட்டுப் போனா பழைய பாட்டுல அவர் பங்கு அவருக்குத்தான், பேண்டோட பேர் தொடர்ந்து வாசிக்கறவங்களுக்குன்னு ஒரு வரியையும் சேத்துடணும்.

இந்தப் பேப்பர் எவ்ளோ முக்கியம்னு காட்ட நம்ம கண்ணு முன்னாடி நடந்ததே இருக்கு. 2021 மார்ச்ல வந்த எஞ்சாயி எஞ்சாமி தமிழ் இண்டி பாட்டுல உலகம் முழுக்கப் போனதுல ஒண்ணு. மறு வருஷமே அதுல யாரோட உழைப்பு எவ்ளோன்னு பாடகர் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வேற வேற விதமா பொதுவெளியில பேச வேண்டி வந்துச்சு. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டுலேர்ந்து தங்களுக்கு வருமானமே வரலன்னு வீடியோல சொன்னார். யார் பக்கம் நியாயம்னு நான் இங்க தீர்ப்பு சொல்ல வரல. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு, பெரிய பெரிய கலைஞர்கள், அங்கயே கணக்கும் கிரெடிட்டும் இவ்ளோ வலியா முடியுதுன்னா, தேனாம்பேட்டைல மொட்டைமாடி ரூம்ல பாட்டு போடற நாலு பசங்க எதையும் எழுதி வெக்காம இருக்கலாமா?

சட்டம் நம்ம பக்கம் ஓரளவுக்கு நிக்குது. 2012ல வந்த திருத்தத்துல, ரெக்கார்டிங்ல இடம்பெற்ற மெட்டுக்கும் வரிக்கும் வர்ற ராயல்டில சம பங்கு வாங்கற உரிமையை அதை எழுதினவங்க, மெட்டு போட்டவங்க விட்டே கொடுக்க முடியாதுன்னு ஆச்சு, வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ மட்டும்தான் மாத்தலாம். உரிமையை எழுதிக் கொடுக்கறதுன்னா அது எழுத்துல இருந்தே ஆகணும், எத்தனை வருஷம்னு போடலன்னா அஞ்சு வருஷம்னுதான் அர்த்தம், எந்த நாடுன்னு போடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். ஒரு சின்ன லேபிள் வந்து கையெழுத்து கேட்டா முதல்ல இந்த ரெண்டு வரி எங்கன்னு தேடிப் பாருங்க, "நிரந்தரமாக, உலகம் முழுவதும்"னு இருந்தா உக்காந்து பேசணும். 2017ல தன் பாட்டை அனுமதியில்லாம மேடைல பாடக்கூடாதுன்னு இளையராஜா எஸ்பிபிக்கு நோட்டீஸ் அனுப்பினப்போ ஊரே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு, மெட்டுக்கு ஒரு உரிமை இருக்குங்கறதே அன்னிக்குத்தான் பல வீட்ல முதல் தடவையா பேச்சா வந்துச்சு. மெட்டு, வரி ரெண்டுக்கும் வர்ற ராயல்டியை வசூல் பண்ணித் தர்ற சொசைட்டி ஐபிஆர்எஸ், பேண்ட்ல மெட்டு போடறவங்களும் எழுதறவங்களும் தனித்தனியா மெம்பர் ஆகி ஒவ்வொரு பாட்டையும் ஸ்ப்ளிட் ஷீட்ல இருக்கற அதே சதவீதத்துல பதியணும். டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பற காசு மாஸ்டருக்கானது, இது வேற, இதைப் பதியாம விட்டா வந்து சேராது.

கூட்டமா நின்னு பாட்டு வெளியிட்டதுக்கும் நம்ம ஊர்ல முன்மாதிரி இருக்கு. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பேண்ட் முதல் தடவை மேடை ஏறினப்போ பத்தொன்பது பேர், கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் ஒரே மேடைல. பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவோட மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் பின்னாடி நின்னதாலதான் அவ்ளோ பேரைச் சேத்துப் பயிற்சி கொடுத்து பாட்டா கொண்டு வர முடிஞ்சுது. அந்த பலம் எல்லா பேண்டுக்கும் கிடைக்காது, ஆனா ரெண்டு மூணு பேண்ட் சேந்து ஒரே நாள் ஸ்டூடியோ எடுத்து, ஒரே டிரம்ஸ் செட்டப்ல மாத்தி மாத்தி வாசிச்சு செலவைப் பகிர்ந்துக்கறது யாரு வேணா செய்யலாம்.

ரிலீஸ் வேலை பாக்க சுலபமா இருக்கும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் எதுலயும் நாமளே நேரா போய் ஏத்த முடியாது, நடுவுல டிஸ்ட்ரிபியூட்டர் வேணும். டிஸ்ட்ரோகிட் மாதிரி வருஷ சந்தா வாங்கறவங்க இருக்காங்க, கட்டறதை நிறுத்தினா பாட்டை அவங்க எடுத்துடலாம். சிடி பேபி மாதிரி ஒருதடவை காசு வாங்கிட்டு வருமானத்துல 9 சதவீதம் எடுக்கறவங்களும் இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு பாட்டு போடற பேண்டுக்கு ரெண்டாவது வகை, மாசா மாசம் போடறவங்களுக்கு முதல் வகைன்னு தோராயமா வெச்சுக்கலாம். மாஸ்டரை எங்களுக்கு எழுதிக் கொடுங்கன்னு கேக்கறவர் டிஸ்ட்ரிபியூட்டர் இல்ல, லேபிள், அதுக்குத் தகுந்த மாதிரி எதிர்ல என்ன தர்றாங்கன்னு கேளுங்க. ஏத்தறப்போ ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்துல ஒரு கோட் கிடைக்கும், அந்த ரெக்கார்டிங் ஆயுசு முழுக்க அதுக்கு அதே நம்பர்தான், ஒரு ஷீட்ல எழுதி வெச்சுக்கோங்க.

பேர் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். தமிழ்ப் பேரை இங்கிலீஷ் எழுத்துல எழுதறப்போ இந்தப் பாட்டுல ஒரு ஸ்பெல்லிங், அடுத்த பாட்டுல இன்னொரு ஸ்பெல்லிங்னு போட்டா ஒரே பேண்ட் ரெண்டு ஆர்ட்டிஸ்டா பிரிஞ்சு கிடக்கும், கேக்கறவங்களுக்கும் கிடைக்காது. அதே பேர்ல வேற யாராவது இருக்காங்களான்னு முன்னாடியே தேடணும். மொழி தமிழ்னு குறிக்கணும், எழுதினவர் மெட்டு போட்டவர் பேரை முழுசா போடணும், அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல்ல சதுரமா இருக்கணும், அதுல வெப்சைட் பேரோ விலையோ இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓடற சின்ன இசைத் துண்டு) போட்ட பாட்டை, அதே ஒலி வர்ற வீடியோவைத் தானா கண்டுபிடிக்கற யூடியூப் கன்டென்ட் ஐடில சேக்காதீங்க, அதே லூப்பை வாங்கின இன்னொருத்தர் பாட்டு மேல உங்க பேர்ல கிளெய்ம் விழும், பாவம் அவர் என்ன தப்பு பண்ணினார்.

தேதியை குறைஞ்சது நாலு வாரம் தள்ளி வையுங்க. ஸ்பாட்டிஃபைல ரிலீஸுக்கு ஏழு நாள் முன்னாடியாவது பாட்டை அவங்க ப்ளேலிஸ்ட் எடிட்டர்களோட பரிசீலனைக்கு அனுப்பி பிட்ச் பண்ணினாத்தான் நம்மளை ஃபாலோ பண்றவங்களுக்குப் புதுப் பாட்டு காட்டற ரிலீஸ் ரேடார்ல அந்தப் பாட்டு போகும், ரிலீஸ் ஆனப்புறம் பிட்ச் பண்ணவே முடியாது. உலகம் முழுக்க 2015 ஜூலைலேர்ந்து வெள்ளிக்கிழமைதான் மியூசிக் ரிலீஸ் நாள், நம்ம ஊர்ல படமும் வெள்ளிக்கிழமை, அதனால பெரிய ஹீரோ படத்தோட முதல் சிங்கிள் வர்ற வாரத்தைப் பாத்து தவிர்த்துடுங்க, அன்னிக்கு யாரோட டைம்லைன்லயும் வேற எதுக்கும் எடம் இருக்காது.

காசைப் பத்தி உள்ளதைச் சொல்றேன். ஸ்ட்ரீமிங்ல ஒரு பிளேக்கு இவ்ளோன்னு நிலையான ரேட்டே கிடையாது, மொத்தமா கேட்டதுல நம்ம பாட்டு எவ்ளோ சதவீதமோ, மொத்த வருமானத்துல நம்ம பங்கும் அதைப் பொறுத்துத்தான். 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல கடந்த 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு மாஸ்டர் ராயல்டி கணக்கே வராது. இது சின்ன பேண்டுங்களுக்குப் பண்ற அநியாயம்னுதான் நான் நினைக்கறேன், தொள்ளாயிரம் பேர் கேட்டதும் கேட்டதுதானே, அந்தக் காசு ஆயிரத்தைத் தாண்டின மத்த பாட்டுங்களுக்குப் பகிர்ந்து போகுது. யூடியூப்லயும் விளம்பரப் பங்குக்கு 1000 சப்ஸ்கிரைபரும் வருஷத்துல 4000 மணி நேரம் பாத்ததும் வேணும், இல்லன்னா ஷார்ட்ஸ் வழியா 90 நாள்ல ஒரு கோடி வியூ வேணும். பேண்ட்கேம்ப்ங்கற வெப்சைட்ல கேக்கறவங்க நேரா வாங்கறாங்க, டிஜிட்டலுக்கு 15 சதவீதம் எடுத்துக்கிட்டு மிச்சத்தை பேமென்ட் கட்டணம் போக நம்மகிட்டயே தர்றாங்க, நம்ம ஊர்ல அங்க வாங்கற பழக்கம் கம்மின்னாலும் டொரண்டோல, லண்டன்ல, சிங்கப்பூர்ல இருக்கற தமிழ் ஆளுங்க வாங்கலாம், அந்த லிங்கையும் எல்லா எடத்துலயும் போட்டு வையுங்க. மத்தபடி ஷோதான் சோறு போடுது. 2020 டிசம்பர்ல நீலம் ஆரம்பிச்ச மார்கழியில் மக்களிசை மாதிரி மேடைங்க வந்தப்புறம் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் சொந்தப் பாட்டுக்கும்னு வந்து உக்காந்து கேக்கற கூட்டம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்திருக்கு. ஷோ காசுல ஒரு பகுதியைப் பிரிச்சுக்காம அடுத்த ரெக்கார்டிங்குக்குன்னு தனியா வெக்கற பேண்ட்தான் ரெண்டாவது ஆல்பம் போடுது.

பிளாட்பார்ம் எதுவும் நிரந்தரமில்லங்கறதையும் மனசுல வெச்சுக்கணும். எத்தனை பேர் ஏர்டெல்லோட விங்க் ஆப்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, 2024ல அதை மூடிட்டாங்க, அதுல சேத்து வெச்சிருந்த ப்ளேலிஸ்ட் எல்லாம் போச்சு. மாஸ்டர் ஃபைல், ஸ்டெம், அட்டைப்படம், வரி, ஸ்ப்ளிட் ஷீட், ஐஎஸ்ஆர்சி லிஸ்ட் எல்லாத்தையும் ரெண்டு வேற வேற ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு வேற வேற வீட்ல வையுங்க. டிஸ்ட்ரிபியூட்டரை மாத்தறதா இருந்தா, புது எடத்துல அதே ஆடியோ ஃபைல், அதே ஐஎஸ்ஆர்சி, அதே ஸ்பெல்லிங் போட்டு ஏத்தி அது லைவ் ஆனதைக் கண்ணால பாத்தப்புறம்தான் பழசை எடுக்கச் சொல்லணும், அப்படிப் பண்ணினா வழக்கமா பழைய பிளே கவுண்ட் புதுசோட சேந்துடும். அவசரப்பட்டு பழசை முதல்ல எடுத்துட்டா நடுவுல பாட்டே இல்லாத நாள் வரும், மத்தவங்க ப்ளேலிஸ்ட்ல சேத்து வெச்சிருந்த எடமும் போயிடலாம்.